நனைந்தால் தெரியும் கை

என் அப்பா கார் துடைக்கும்போது மேலிருந்து கீழே வருவார். முதலில் கூரை, பிறகு கண்ணாடிகள், பானட், டிக்கி, கதவுகள், கடைசியாகச் சக்கரத்தை ஒட்டிய அடிப்பாகம். மணலும் சேறும் கீழேதான் இருக்கும். கீழே பட்ட துணி மேலே போனால் பெயின்டில் கோடு விழுந்துவிடும். பழைய வாடகைக் காரோ, நேற்று ஷோரூமிலிருந்து வந்த புதுக் காரோ, இந்த வரிசை மாறாது. ஒரே ஒரு காருக்கு மட்டும் பானட்டை முதலில் துடைப்பார்.

கறுப்புக் கார் அது. அது வரும் நாளில் இன்னொன்றும் நடக்கும். ஷெட்டின் முன்பக்கம் சுருட்டிக் கட்டியிருக்கும் நீலத் தார்ப்பாயை அவிழ்த்துத் தரைவரை இறக்கிவிடுவார். மற்ற கார்களைச் சாலையைப் பார்த்தபடி வெளியே நிறுத்தித்தான் கழுவுவார். போகிறவர்கள் பார்த்தால்தானே வண்டியைத் திருப்புவார்கள்? இந்தக் கார் மட்டும் உள்ளே போகும். தார்ப்பாய்க்குப் பின்னால் தண்ணீர் பீய்ச்சும் சத்தம் கேட்கும், பிறகு நிற்கும். தார்ப்பாய் மேலே ஏறும்போது கார் ஒரு துளி ஈரம் இல்லாமல் நிற்கும்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே இதைப் பார்த்திருக்கிறேன். பெரிய மனிதர் கார், தூசி படக் கூடாது என்று நினைத்தேன். கல்லூரிக்குப் போன பிறகு வெயிலுக்காக இருக்கும் என்று நினைத்தேன். சூடான பானட்டில் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். மேகம் மூடிய நாட்களிலும் தார்ப்பாய் இறங்கியதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

அப்பாவின் பெயர் கங்காதரன். பிறந்தது கோவில்பதாகையில். எட்டாவதோடு படிப்பு நின்றது. முதலில் லாரிகளுக்கு வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்தில் வேலை பார்த்தார். பிறகு ஒரு டிங்கரிங் கடையில் பெயின்ட் அடித்தார். ஸ்பிரே புகை நெஞ்சில் இறங்கி இருமல் நிற்காமல் போனதும் அதை விட்டார். ஆவடி–பூந்தமல்லி சாலையில், பருத்திப்பட்டு ஏரிக்கு அந்தப் பக்கம், ஒரு தகர ஷெட்டை எடுத்துக் கார் கழுவி, வாக்ஸ் போட்டு, கோட்டிங் அடிக்கும் கடை வைத்தார். சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்த சமயம். தேனியிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்து ஐ.டி.யில் வேலை பார்ப்பவர்கள் வாழ்க்கையின் முதல் காரை வாங்கி, மேலே ஒரு காக்கை உட்கார்ந்தாலும் பதறிக்கொண்டு வருவார்கள். அப்படி ஒருவர் நிர்மல்.

“அங்கிள், மூணு லேயர் போட்டுடலாமா?”

“ரெண்டு போதும் தம்பி. மூணாவது லேயர் காருக்கு இல்ல, உங்க மனசுக்கு.”

“அப்ப மனசுக்கும் சேர்த்துப் போட்டுடுங்க.”

“அத்த தேய்க்க நம்மகிட்ட மெஷின் இல்ல நைனா.”

கோட்டிங் என்பது பெயின்டின் மேல் போடும் மெல்லிய கண்ணாடி மாதிரியான படலம். போடுவதற்கு முன் ஸ்பிரிட் போல ஒரு திரவத்தால் கடைசியாக ஒருமுறை துடைக்க வேண்டும். ஷாம்புக்குப் போகாத எண்ணெய்ப் பசை கொஞ்சம்கூட மிச்சம் இருக்கக் கூடாது. இருந்தால் அந்த இடத்தில் படலம் பிடிக்காது. காய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. நனைந்தால் தெரியும். மற்ற இடமெல்லாம் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நிற்கும், அந்த இடத்தில் மட்டும் தட்டையாகப் பரவிக் கிடக்கும். அதனால் துடைத்து வைத்த காரின் அருகில் யாராவது வந்தாலே அப்பா சொல்வார்: “கை வெக்காதீங்க சார். மழை வந்தா காட்டிக் குடுத்துடும்.”

எங்கள் வீடு சேக்காட்டில். எதிர்வீட்டில் தமிழ்வாணன் அண்ணனும் புஷ்பா அக்காவும் இருந்தார்கள். அண்ணனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. அவருடைய வலது கை மோதிர விரல் பாதிக்கு மேல் கிடையாது. பிரஸ்ஸில் போனது. எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கும் தெருக்களில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. அண்ணன் அந்த மொட்டை விரலை மூக்குத் துவாரத்தில் வைத்து அழுத்துவார். முழு விரலும் உள்ளே போய்விட்டது போலத் தெரியும். “ஐயோ, மாட்டிக்கிச்சு! இழு கனி, இழு!” என்று கத்துவார். நான் இரண்டு கைகளாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பேன். வந்துவிட்டதும் அந்த உள்ளங்கையை விரித்து என் முன்னால் நீட்டுவார், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். சொரசொரவென்று, இரும்பு வாசத்தோடு இருக்கும். அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் பத்தாவது படித்த வருடம், ஐப்பசி மழையில், திருநின்றவூரில் மனை பார்த்துவிட்டு வருவதாகப் போனவர் திரும்பவில்லை. அப்படியே நைட் ஷிப்டுக்குப் போயிருப்பார் என்று அக்கா நினைத்தார். மறுநாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் தகவல் வந்தது. பைக் பஞ்சராகித் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். விளக்கில்லாத இடத்தில் ஏதோ ஒரு வண்டி இடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. மழையில் ஒரு தடயமும் மிஞ்சவில்லை. எந்த வண்டி என்று கண்டுபிடிக்க முடியாமலே போயிற்று.

சில மாதங்கள் கழித்து அக்கா அப்பாவிடம் வந்து, ஷெட்டை ஒட்டிய காலி இடத்தில் டீக்கடை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். அப்பா யோசிக்கவே இல்லை. இடம் கொடுத்தார், தண்ணீர்க் குழாய் இழுத்துக் கொடுத்தார், ஒரு பல்புக்கு ஒயர் போட்டுக் கொடுத்தார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

“ஊர்ல எவனுக்கும் இல்லாத எரக்கம் உனுக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு? காலைலேர்ந்து குடம் குடமா தண்ணி மொண்டுகினு போறா.”

“உடு சாவித்திரி. அவ குடிக்கிற தண்ணில இன்னா கொறஞ்சிடப் போவுது?”

“அவ குடிக்கிற தண்ணியா? ஆவடிக்கே டீ போட்ற தண்ணி அது!”

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

அக்கா ஏன் அந்த இடத்தைத்தான் கேட்டார் என்று எனக்கு ஒருநாள் சொன்னார். டீ ஆற்றிக்கொண்டே, சாலையைப் பார்த்தபடி சொன்னார்.

“இடிச்சவன் வண்டிய எங்கியாச்சும் கழுவணும் இல்ல? பாலிஷ் போடணும் இல்ல? இந்த ரோட்டாண்ட குந்திகினு இருந்தா என்னிக்காச்சும் என் கண்ல படும்.”

“பட்டா எப்டிக்கா தெரியும்?”

“தெரியும் கனி.”

ஷெட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு காரையும் அக்கா முன்பக்கமாக வந்து பார்ப்பார். விளக்கு, பம்பர், நம்பர் பிளேட். ஆளின் முகத்தைப் பார்ப்பது போல இருக்கும். பார்த்துவிட்டுக் கடைக்குத் திரும்புவார். நஷ்டஈடு என்ற பேச்சை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. எந்த வண்டி, யார் ஓட்டியது, இடித்த பிறகு இறங்கிப் பார்த்தார்களா. இதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். கடைசிக் கேள்வியைத்தான் அடிக்கடி கேட்பார். “எறங்கியாவது பாத்திருப்பானா?”

கறுப்புக் காரையும் அப்படிப் பார்த்திருக்கிறார், பல தடவை. அது ராகவன் சாருடையது. அம்பத்தூரில் கம்பெனிகளுக்கு வாடகைக் கார் விடுபவர். அவருடைய கார்கள் எல்லாமே எங்கள் ஷெட்டுக்குத்தான் வரும். நாங்கள் சாப்பிட்டது, நான் பி.காம். படித்தது எல்லாம் அந்தக் கார்களின் அழுக்கிலிருந்து வந்தவைதான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பட்டமளிப்பு அங்கியோடு எடுத்த என் போட்டோவை அப்பா ஷெட்டில் வாக்ஸ் டப்பாக்களுக்கு மேலே மாட்டியிருந்தார்.

போன ஐப்பசியில், நான் வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு மத்தியானம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். நல்ல மழை. தார்ப்பாய் இறங்கியிருந்தது. ஓரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். அப்பா பின்னால் மோட்டாரை நிறுத்தப் போயிருந்தார். கறுப்புக் கார் ஈரத்தோடு நின்றது. தகரக் கூரையில் ஒரு ஓட்டை வழியாகப் பானட்டின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பானட் முழுக்க முத்துகள். நடுவில் ஒரு கை.

வரைந்தது போல இருந்தது. உள்ளங்கையின் மேடு, கட்டை விரல், விரிந்த விரல்கள். விரல் நுனிகள் முன்கண்ணாடியைப் பார்த்திருந்தன. காருக்கு எதிரே நின்று கையை நீட்டினால்தான் அப்படிப் பதியும். சொட்டிய தண்ணீர் உருண்டு வந்து, அந்தக் கையின் ஓரத்தில் ஒரு கணம் நின்று, உள்ளே போனதும் தட்டையாகப் பரவியது. மோதிர விரல் பாதியில் நின்றிருந்தது.

முதலில் பயம் வரவில்லை. என் இரண்டு கைகளும் எதையோ பிடித்து இழுக்கப் போவது போலத் தானாக மடங்கின. பிறகுதான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

அப்பா துணியோடு வந்தார். என்னைத் திட்டவில்லை. துணியை விரித்து அந்தக் கையின் மேல் போட்டார், செத்தவரின் முகத்தை மூடுவது போல.

“யார் கைப்பா இது?”

“என் கை.”

“உனக்கு விரல் எல்லாம் இருக்கே.”

அவர் கவிழ்த்து வைத்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்தார். தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் புஷ்பா அக்கா யாரிடமோ, “சக்கர தூக்கலா கேட்டா சக்கர மில்லு வெச்சிகினா கீறேன்?” என்று சிரிப்பது கேட்டது. அப்பா குரலை இறக்கிச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், அண்ணனைப் பற்றிய தகவல் வருவதற்கு முன்பே, ராகவன் சார் இந்தக் காரோடு வந்திருக்கிறார். பம்பரில் கீறல், ஒரு விளக்கில் விரிசல். “நேத்து மழைல நாய் ஒண்ணு குறுக்க வந்துடுச்சுய்யா. விளக்க நான் மாத்திக்கறேன். நீ கழுவி கோட்டிங் போட்டு சாயங்காலம் குடு. கல்யாணத்துக்குப் போகணும்” என்றாராம். மழையால் கரண்ட் இல்லை. பெயின்டைத் தேய்க்கும் பஃபிங் மெஷின் ஓடவில்லை. அப்பா ஷாம்பு போட்டுக் கழுவினார். கடைசித் துடைப்புக்கு வைத்திருந்த திரவம் கூரையோடு தீர்ந்துவிட்டது. பானட்டைக் குனிந்து பார்த்தார், சுத்தமாக இருந்தது. சாருக்கு அவசரம். அப்படியே கோட்டிங்கைப் போட்டுவிட்டார். அவர் தொழிலில் அதுவரை செய்யாத தப்பு. காரைக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது எதிர்வீட்டு வாசலில் கூட்டம் நின்றது.

சில நாட்கள் கழித்துத் தூறலில் ராகவன் சார் மறுபடி வந்தார். “என்னய்யா கங்காதரா, பானட்ல கை அச்சு தெரியுது? கோட்டிங்குக்கு முன்னாடி கை வெச்சுட்டியா?”

அப்பா பார்த்தார். தினமும் எதிர்வீட்டில் பார்த்த கை.

“ஆமா சார். என் கைதான்.”

ராகவன் சார் சிரித்திருக்கிறார். “கையெழுத்து போட்டுட்டியா? இருந்துட்டுப் போகட்டும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் அப்பாவின் கையைப் பார்க்கவில்லை. பானட்டில் இருந்த விரல்களையும் சரியாகப் பார்க்கவில்லை.

“வாய்ல அப்டி வந்துடுச்சு பாப்பா. யோசிச்சு சொல்லல.”

“அவருக்குத் தெரியாதா?”

“தெரில. நாயின்னு சொல்லும்போது என் மூஞ்ச நேரா பாத்துதான் சொன்னாரு. நாயின்னே நெனச்சிருக்கலாம். அந்த இருட்டுல, அந்த மழைல…” அப்பா பானட்டின் மேல் கிடந்த துணியைப் பார்த்தார். “எறங்கிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

மெஷின் வைத்தால் கொஞ்ச நேரத்தில் அந்த அச்சு போய்விடும். அப்பா பல தடவை மெஷினைக் கையில் எடுத்திருக்கிறார். “கிட்ட கொண்டுபோனா நிறுத்து நிறுத்துன்னு சொல்ற மாதிரியே கீது பாப்பா. அன்னிக்கும் அதான சொல்லியிருப்பான்?” அதனால் அழிக்கவில்லை. ஆனால் சொல்லவும் இல்லை. கார் வேறு எங்கும் கழுவப் போய்விடாதபடி பார்த்துக்கொண்டார். கோட்டிங் தேயும்போதெல்லாம் மேலே புது லேயர் போட்டார், அந்தக் கை இருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு. ஓரம் கலையாமல், விரல் விரலாகச் சுற்றி வந்து போட்டார். ஒரு சாட்சியைப் பாதுகாப்பது என்று இதைச் சொல்வதா, ஒளித்து வைப்பது என்று சொல்வதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இரண்டையும் ஒரே துணியால் செய்திருக்கிறார்.

“போன வருசம் நான் ஒண்ணுமே போடல,” என்றார் கடைசியாக. “தேஞ்சு தானா போயிடட்டும்னு உட்டுட்டேன். மத்த எடம்லாம் தேஞ்சிடுச்சு. தண்ணி நிக்கறதே இல்ல. பானட்ல மட்டும், அதைச் சுத்தி, இன்னிக்குப் போட்ட மாதிரி நிக்குது. அது எப்டின்னு எனுக்குப் புரில.”

“அக்காகிட்ட சொல்லிடுப்பா.”

“சொல்றேன். உனுக்கு ஒரு வேல கெடைக்கட்டும். ராகவன் சாரு வண்டிங்க நின்னுட்டா நாம இன்னா பண்றது?”

அதற்கு முன் என் பத்தாவது முடியட்டும் என்று இருந்திருக்கிறார். பிறகு பன்னிரண்டாவது. பிறகு டிகிரி. நான் படிக்கப் படிக்க அந்தச் சொல் தள்ளிப் போயிருக்கிறது. அது தெரிந்த பிறகு நான் போன இன்டர்வியூக்களில், உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டால் பெயரையும் படிப்பையும் சொல்லி நிறுத்திக்கொண்டேன். மெயில் பார்ப்பதற்கும் பயந்தேன். வேலை கிடைத்தால் அப்பா சொல்ல வேண்டும். கிடைக்காவிட்டால் சொல்லாமல் இருக்கலாம். நான் எதை வேண்டிக்கொண்டேன் என்று எனக்கே நிச்சயம் இல்லை.

மார்கழியில் அப்பாவின் வலது கை மோதிர விரல் மடங்கிக்கொண்டது. காலையில் எழுந்தால் நிமிராது. இன்னொரு கையால் பிடித்து நிமிர்த்தினால் ‘டக்’கென்று சத்தம் வரும். பஃபிங் மெஷினை வருடக்கணக்காக அழுத்திப் பிடிக்கிறவர்களுக்கு இது வரும், விரலை இழுக்கும் தசைநார் தடித்திருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். நான் இணையத்திலும் தேடிப் படித்தேன். டாக்டர் சொன்னதுதான் இருந்தது. மோதிர விரலில்தான் அதிகம் வருமாம். படித்ததும் நிம்மதியாக இருந்தது.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்தவர் நிலை தடுமாறிச் சுவரில் கையை ஊன்றினார். சுண்ணாம்பு அடித்த சுவரில் ஈரக் கை பதிந்தது. உள்ளங்கை, விரிந்த விரல்கள், பாதியில் நின்ற மோதிர விரல். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. இருந்தும், “மொதல்ல அத்தத் தொடை கனி” என்றாள். நான் துணியை எடுப்பதற்குள் காய்ந்து போய்விட்டது.

தை பிறந்த பிறகு ஒருநாள் காலையில் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே, “இன்னிக்கு சொல்லிட்றேன் பாப்பா” என்றார். எனக்கு வேலை கிடைத்திருக்கவில்லை. ஏன் அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. அன்று மத்தியானம் ஷெட்டில், ஒரு காரின் கூரையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

அக்கா எங்கள் வீட்டில் அழுதுகொண்டே சொன்னார்: “காலைல வந்து பெஞ்சுல குந்தினாருடி. ‘புஷ்பா’ன்னு கூப்ட்டாரு. இன்னாண்ணேன்னேன். ஒண்ணுமில்லன்னாரு. மறுபடியும் ‘புஷ்பா’ன்னாரு. இன்னாண்ணே, சொல்லுன்னேன். சக்கர கம்மியா போடுன்னாரு. அவரு எப்பவும் அப்டிதானே குடிப்பாரு, அத்த எதுக்கு சொல்லணும்?”

வாசலில் வந்தவர்கள் உட்கார நிழலுக்கு எதுவும் இல்லை. யூசுப் அண்ணன் ஷெட்டிலிருந்து அந்த நீலத் தார்ப்பாயைக் கழற்றி வந்து கட்டினார். அவர் அப்பாவோடு வேலை செய்தவர். அப்பா துடைத்து முடித்த பிறகு சீட், டேஷ்போர்டு என்று காரின் உள்பக்கத்தைச் சுத்தம் செய்வது அவர் வேலை. அப்பா போன பிறகு ஷெட்டை அவர்தான் பார்த்துக்கொண்டார்.

மாசியில் ஒருநாள், வீட்டு வாசலில் கட்டியே கிடந்த தார்ப்பாயைச் சுருட்டி ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். நல்ல வெயில். தூரத்திலேயே தெரிந்தது. கறுப்புக் கார் வெளியே, சாலையைப் பார்த்தபடி நின்றது. ராகவன் சார் அதை விற்கப் போகிறாராம். மெஷின் போட்டு, முழுக்கப் பாலிஷ் செய்து கொடுக்கச் சொல்லி டிரைவரிடம் அனுப்பியிருந்தார். நுரையைக் கழுவி முடித்திருந்தார்கள். யூசுப் அண்ணன் அப்பாவிடம் பார்த்துப் பழகிய வரிசையில் துடைத்துக்கொண்டிருந்தார். முதலில் கூரை. பிறகு கண்ணாடிகள். பானட் இன்னும் நனைந்திருந்தது.

“யூசுப் அண்ணே!” என்று கூப்பிட்டேன். அவர் நிமிர்ந்து, “வா கனி, டீ சாப்டு” என்றார்.

புஷ்பா அக்கா டீ கிளாஸ்களைக் கம்பி ஸ்டாண்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். எப்போதும் போலக் காரின் முன்பக்கமாக வந்தார். நின்றார். ஸ்டாண்டை மெதுவாகத் தரையில் வைத்தார்.

கத்தவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தன் வலது கையை அந்தக் கையின் மேல் வைத்தார். எல்லாப் பக்கமும் அந்தக் கைதான் பெரியதாக இருந்தது. ஒரே இடத்தில் மட்டும் அக்காவின் விரல் அதைத் தாண்டி வெளியே நீண்டிருந்தது.

“இது எங்காளு கை,” என்றார்.

யூசுப் அண்ணன் குனிந்து பார்த்தார். தமிழ்வாணன் அண்ணனின் கையை அவருக்கும் தெரியும். டிரைவர் ஒன்றும் புரியாமல், “இன்னாக்கா, டைம் ஆவுது. சாரு வெயிட் பண்ணிகினு கீறாரு” என்றார்.

“இந்த வண்டி எங்கியும் போவாது.”

யூசுப் அண்ணன் கதவைத் திறந்து சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு போனை எடுத்துப் படம் பிடித்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சுற்றியிருந்த முத்துகள் சுருங்கின. சுண்டு விரலின் ஓரம் காய்ந்து மறைய ஆரம்பித்தது. அக்கா பக்கெட்டிலிருந்து மக்கில் தண்ணீர் மொண்டு பானட்டில் ஊற்றினார். விரல் திரும்பி வந்தது. மறுபடி காய்ந்தது. மறுபடி ஊற்றினார். பச்சைக் குழந்தையின் தலைக்கு ஊற்றுவது போல, கையை அணையாக வைத்து ஊற்றினார்.

ஊற்றிக்கொண்டே திரும்பி, என் கையில் இருந்த தார்ப்பாயைப் பார்த்தார்.

“உங்கப்பா இத்த எறக்கி உட்டுதானே இந்த வண்டிய கழுவுவாரு?”

நான் தார்ப்பாயைக் கீழே வைத்தேன்.

“பானட்டத்தான் மொதல்ல தொடைப்பாரு. தார்ப்பாய் சந்துல பாத்திருக்கேன். நான் டீ எடுத்துகினு வருவேன். ‘அங்கியே வையி புஷ்பா, வரேன்’னுவாரு. ஒரு நாளும் உள்ள உட்டதில்ல.” மக்கு பக்கெட்டின் அடியில் உரசியது. “அவருக்குத் தெரியுமா கனி?”

“தெரியும்க்கா. ஏன் சொல்லலன்னா…”

“நீ சொல்லாத.” அக்கா என்னைப் பார்க்கவில்லை. “அவரு சொல்லணும்.”

அதன் பிறகு போலீஸ் வந்தது. அவர்களுக்காக அக்கா இன்னொரு முறை தண்ணீர் ஊற்றினார். எனக்குத் தெரிந்ததையெல்லாம் நான் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். தண்ணீரில் தெரியும் கையை வைத்து என்ன செய்ய முடியும் என்று பார்க்க வேண்டும் என்றார்கள். ராகவன் சார் நாய் என்றே சொல்கிறாராம். கார் இப்போது ஸ்டேஷனுக்குப் பின்னால் நிற்கிறது. மூடி வைக்க எதுவும் இல்லை என்று எங்கள் தார்ப்பாயைத்தான் கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறார்கள். மழை வந்தால் அதற்கு அடியில் என்ன தெரியும் என்று யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை.

ராகவன் சாரின் மற்ற கார்கள் நின்றுவிட்டன. நான் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். பூந்தமல்லிப் பக்கம் இன்டர்வியூ போகிற நாட்களில் ஷெட் வழியாகத்தான் போக வேண்டும். புஷ்பா அக்கா என்னைக் கூப்பிட்டு டீ கொடுக்கிறார், பழைய மாதிரியே பேசுகிறார். இப்போது எந்தக் காரையும் முன்பக்கமாக வந்து பார்ப்பதில்லை.

ஆனால் தினமும் கடை திறந்ததும் முதல் டீயைச் சர்க்கரை குறைத்துப் போட்டு, முன்பு தார்ப்பாய் இறங்கிய இடத்தில், ஷெட்டின் வாசலில் கொண்டுபோய் வைக்கிறார். செத்தவருக்கு வைப்பது என்று ஒருவர் கும்பிடப் போனபோது அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“கும்புடாத. வரேன்னாரு இல்ல? வந்து, சொல்லிட்டு, குடிக்கட்டும்.”

மத்தியானத்துக்குள் டீயின் மேல் ஆடை படிந்துவிடுகிறது. சாயங்காலம் அதைச் சாலையில் ஊற்றிவிட்டுக் கிளாஸைக் கழுவிக் கவிழ்க்கிறார். மறுநாள் காலையில் மறுபடி வைக்கிறார்.